ட, ப, ம

வீட்டில் இப்போது என்னை ஒரே நிமிடத்தில் பத்து தடவை கூப்பிட ஆளில்லை. மகன் ஓசூரிலிருந்து பேசினால் தொடக்கத்தில் ஒரு "அம்மா", அதற்கப்புறம் சேதி மட்டும்தான். வீட்டுக்காரர் எந்தக் காலத்திலும் "இந்தா" என்பதைத் தவிர வேறு சொல்லிக் கூப்பிட்டவரில்லை. "டீச்சர், டீச்சர், டீச்சர்" என்று முந்தானையைப் பிடித்து இழுத்து, நான் குனிந்து கேட்டதும் சொல்ல வந்ததை மறந்துபோய், முன்பல் இரண்டும் இல்லாமல் சிரித்துக்கொண்டு நிற்கிற ஆள் இந்தத் தெருவிலேயே கிடையாது.

பணி நிறைவு விழாவில் சால்வை போட்டவர்களில் பாதிப் பேர் "இனியாவது நிம்மதியா இருங்க டீச்சர்" என்று வாழ்த்தினார்கள். வாழ்த்து பலித்துவிட்டது. பகல் பதினொரு மணிக்கு ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் கேட்கிற அளவுக்கு நிம்மதி.

நீடாமங்கலத்தில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பிலிருந்து தெற்கே போனால் வருகிற ஊர்களில் ஒன்றில்தான் என் ஒன்றாம் வகுப்பு இருந்தது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஓட்டுக் கட்டடம், நீளமாக ஒரே கூடம், நடுவில் மூங்கில் தட்டி. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, பதிவு மூப்பு வரக் காத்திருந்து, 1988-ல் ஆணையைக் கையில் வாங்கிக்கொண்டு போய் நின்றேன். தலைமை ஆசிரியர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "நாலும் அஞ்சும் நான் பாத்துக்கிறேம்மா. ஒண்ணு, ரெண்டு, மூணு உங்களுக்கு." புதிதாக வருகிறவர் தலையில் ஒன்றாம் வகுப்பைக் கட்டுவது அன்றைக்கு எல்லாப் பள்ளியிலும் இருந்த வழக்கம். மூத்தவர்கள் ஐந்தாம் வகுப்பை விடமாட்டார்கள். அங்கே பிள்ளைகள் சொன்னால் உட்காரும், தன் மூக்கைத் தானே துடைத்துக்கொள்ளும். அப்போது அது தஞ்சாவூர் மாவட்டம், 1997-லிருந்து திருவாரூர் மாவட்டம். பதிவேட்டில் முத்திரை மாறியதே தவிர தட்டி மாறவில்லை.

ஜூன் மாதத்தில் எங்கள் பக்கம் இரண்டு திறப்பு உண்டு. ஒன்று பள்ளி, இன்னொன்று மேட்டூர். அணையை 12-ஆம் தேதி திறக்கிற வருஷமாக இருந்தால், ஆற்றில் தண்ணீர் வந்துவிட்ட சேதியை ஒன்றாம் வகுப்புதான் எனக்கு முதலில் சொல்லும். சொல்வதென்ன, கால்சட்டை நனைந்து வந்து வாசலில் நிற்கும்.

சேர்க்கை அப்போதெல்லாம் காதை வைத்துத்தான். வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது. எட்டாத பிள்ளைகள் கழுத்தைச் சாய்த்து ஏமாற்றப் பார்க்கும்; அம்மாக்காரி பின்னாலிருந்து கையைத் தள்ளிவிடுவாள். பிறந்த தேதி கேட்டால் "பெரிய வெள்ளம் வந்துச்சே, அதுக்கு மறு தையில" என்று பதில் வரும். தலைமை ஆசிரியர் கணக்குப் பார்த்து, வயது சரியாக வரும்படி மே மாதத்திலோ ஜூன் மாதத்திலோ ஒரு தேதி போடுவார். அந்த ஊரில் ஒரு தலைமுறைக்கே கோடையில்தான் பிறந்தநாள். பெற்றது ஒருத்தி, தேதி வைத்தது ஒருத்தர்.

பிள்ளை வந்து உட்கார்ந்தாயிற்று. இனி எழுத்து.

விஜயதசமியில் நெல்லைப் பரப்பி விரல் பிடித்து எழுத வைப்பது அ. ஆனால் ஐந்து வயதுக் கைக்கு அ போலச் சித்திரவதை வேறில்லை. சுழிக்க வேண்டும், வயிற்றை வளைக்க வேண்டும், குறுக்கே இழுக்க வேண்டும், கடைசியில் நெட்டுக்குத்தாக ஒரு கோடு. நான் ட-வில் தொடங்குவேன். மேலிருந்து கீழே ஒரு கோடு, அங்கிருந்து வலப்பக்கம் ஒரு கோடு, ட முடிந்தது. அதன் வலது முனையில் இன்னொரு கோட்டை நிமிர்த்தினால் ப. அந்த ப-வின் வலப்பக்கத்தை உள்ளே மடக்கினால் ம. கோடு போடத் தெரிந்த கை மூன்று எழுத்தையும் ஒரே வாரத்தில் பிடித்துவிடும். அதோடு புள்ளி வைக்கவும் சொல்லிக்கொடுத்துவிட்டால் படம், மடம், பட்டம், மட்டம் என்று சொற்கள் வந்து விழத் தொடங்கிவிடும். இருநூற்று நாற்பத்தேழு எழுத்தும் தெரிந்த பிறகுதான் படிக்க முடியும் என்று யார் சொன்னது?

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. "ப... ட்... ட... ம்..." என்று பிள்ளை எழுத்துக் கூட்டுகிறது. கூட்டுகிறதே தவிர, அதற்கு அது வெறும் சத்தம். சில பிள்ளைக்கு நாலைந்து நாள், சில பிள்ளைக்கு நாலைந்து வாரம், சத்தமாகவே போய்க்கொண்டிருக்கும். நாமும் அவசரப்படுத்தக் கூடாது. ஒரு நாள், பெரும்பாலும் நாம் வேறு யாருக்கோ மூக்குச் சிந்திவிட்டுக்கொண்டிருக்கும்போது, அதே சத்தம் அதன் காதிலேயே விழுந்து பிள்ளை திடுக்கிட்டு நிமிரும். "பட்டம்! டீச்சர், பட்டம்!" சுவருக்குள்ளிருந்து யாரோ பேசிவிட்டதுபோல முகத்தில் கொஞ்சம் பயம்கூட இருக்கும். இன்னொரு தடவை விரலை வைத்துப் பார்க்கும். மறுபடியும் பட்டம்தான். நம்பமுடியாமல் பக்கத்துப் பிள்ளையின் சிலேட்டை இழுத்து அதையும் படித்துப் பார்க்கும்.

அந்த ஒரு நொடியை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் அது ஆயுளில் ஒரே ஒரு தடவைதான். பெற்றவர்கள் பார்ப்பதில்லை, வயலில் இருப்பார்கள். கல்லூரிப் பேராசிரியர் பார்ப்பதில்லை, ஐந்தாம் வகுப்பு வாத்தியாரும் பார்ப்பதில்லை. ஒன்றாம் வகுப்பு டீச்சருக்கு மட்டும் எழுதிவைத்தது அது. அதற்கு மேல் ஒரு விருது எனக்குத் தெரியாது; செப்டம்பர் 5-ல் மேடையில் கொடுப்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அதற்கப்புறம் பிள்ளையை நிறுத்த முடியாது. தீப்பெட்டி, பஸ் பலகை, பிஸ்கட் உறை என்று கண்ணில் பட்டதெல்லாம் பாடம். பள்ளிக்கு வருகிற வழியில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு வங்கி இருந்தது. ஒரு பயல் அந்தப் பெயர்ப்பலகையைத் தவணை முறையில் படித்தான். ஒரு வாரம் "தொடக்க". அடுத்த வாரம் "வேளாண்மை". ஐகாரம் பிடிபடாமல் இரண்டு நாள் தகராறு. "கூட்டுறவு" மழைக்காலம் வரை இழுத்தது. ஒரு திங்கட்கிழமை மூச்சிரைக்க ஓடி வந்து சொன்னான்: "டீச்சர், அது பேங்கு!" அந்தப் பேங்கின் திண்ணையில்தான் அவன் தாத்தா தினமும் பேப்பர் படிப்பார், அவனும் கூடவே உட்கார்ந்திருப்பான். இருந்தாலும் அன்றைக்குத்தான் அது பேங்காயிற்று.

நான் பள்ளியில் படித்தது பழைய எழுத்து, சொல்லிக்கொடுத்தது புதிய எழுத்து. சீர்திருத்தம் 1978-ல் வந்தது. லை, ளை, ணை, னை நான்கும் தும்பிக்கையைத் துறந்தன. எழுதப் படிக்கத் தெரிந்த அப்பாயி உள்ள வீடு ஊரில் நாலைந்துதான். அந்த வீட்டுப் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதி வந்தால் சிலேட்டில் ஒரு மூலையில் தும்பிக்கை வைத்த லை உட்கார்ந்திருக்கும். "அப்பாயி எழுதுனது தப்பா டீச்சர்?" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேட்கும். தப்பில்லைடா, அது அப்பாயி லை, இது உன் லை, ரெண்டையும் படிச்சுக்கோ என்பேன். இரண்டையும் படிக்கிற கெட்டிக்காரர்கள் அப்படித்தான் எனக்குக் கிடைத்தார்கள்.

ஆசிரியர்கள் எழுதும் நினைவுக் கட்டுரை எதை எடுத்தாலும் அதில் கலெக்டரான மாணவர் ஒருவர் காரை நிறுத்தி இறங்கிவந்து காலில் விழுகிறார். எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை. என் பிள்ளைகளில் ஒருவன் நெல் அறுவடை இயந்திரம் ஓட்டுகிறான், ஒருத்தி திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங், ஒருவன் சிங்கப்பூரில் கட்டட வேலை, இரண்டு பேர் நர்ஸ். போன தை மாதம் அறுவடைக்கு வந்த அந்த இயந்திரக்காரன் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மணிக்கணக்கை நோட்டில் எழுதினான். எட்டிப் பார்த்தேன். "கீழத்தெரு" என்று எழுதியிருந்தான். என் ழ-வில் ஒரு கோணல் உண்டு. கீழே சுழிக்கும்போது இடப்பக்கம் கொஞ்சம் அதிகமாகச் சாயும். பயிற்சிப் பள்ளியிலேயே திருத்தப் பார்த்தார்கள், முடியவில்லை. அந்தக் கோணல் அப்படியே அவன் நோட்டில் இருந்தது. அந்த வட்டாரத்தில் முப்பது வயதுக்கு மேற்பட்ட பாதிப் பேரின் ழ சாய்ந்துதான் இருக்கும். கலெக்டர் யாராவது காலில் விழுந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது.

வெள்ளிக்கிழமை கடைசி மணி கரும்பலகைக்கு. வேலியில் கோவை இலை பறிக்க ஒரு கூட்டம், சத்துணவுக் கூடத்து அடுப்பிலிருந்து கரி எடுத்துவர ஒரு கூட்டம். ஆயாம்மா "கங்கு இருக்குடா, கைய வைக்காதே" என்று உள்ளிருந்து கத்துவாள். இலையையும் கரியையும் கல்லில் வைத்து நசுக்கினால் கரும்பச்சையாக ஒரு விழுது வரும். அதைத் துணியில் தோய்த்துப் பலகை முழுக்க மேலும் கீழுமாக இழுக்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் திட்டுத் திட்டாக நிற்கும். அந்தத் துணியைப் பிடிக்கிற உரிமைக்கு நடந்த சண்டையைப்போல் ஊராட்சித் தேர்தலில்கூட நடந்ததில்லை. கடைசியில் எல்லார் கையும் முழங்கை வரை கறுப்பு, என் சேலையில் ஐந்து விரல் தெரிகிறாற்போல் ஒரு முத்திரை. திங்கட்கிழமை காலையில் அந்தப் பலகையில் விழுகிற முதல் வெள்ளைக் கோட்டின் அழகு, கடையில் வாங்கிய பெயின்ட் அடித்த பலகைக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

ஒன்றாம் வகுப்பு என்பது பல் விழுகிற வகுப்பு. ஆடுகிற பல்லை நாக்கால் தள்ளித் தள்ளியே கணக்குப் பாடம் போய்விடும். விழுந்ததும் வாத்தியார் வேலை எனக்கு முடிந்து பூசாரி வேலை தொடங்கும். எதிர்வீட்டுக் கொட்டிலிலிருந்து ஒரு சிட்டிகைச் சாணி வரும். பல்லை அதில் உருட்டிக் கூரைமேல் எறிய வேண்டும், இல்லாவிட்டால் முளைக்காது. எறிவதற்கு நான் தூக்கிப் பிடிக்க வேண்டும். எத்தனை பால்பற்கள் அந்த ஓட்டின் மேல் கிடந்தனவோ! 2018 நவம்பரில் கஜா புயல் ஓட்டையெல்லாம் கிளப்பிக்கொண்டு போனது, பற்களும் கூடவே போயிருக்கும். இப்போது அங்கே கான்கிரீட் கட்டடம். பல் விழுந்தால் என்ன செய்கிறார்கள் என்று அங்கே இருக்கிற டீச்சரிடம் கேட்டேன். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுறாங்க டீச்சர்" என்றார்.

வழக்குகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. "டீச்சர், இவன் என்னையப் பாத்து சிரிக்கிறான்." "டீச்சர், இவ என் பக்கத்துல மூச்சு விடுறா." "டீச்சர், அவன் எங்க அப்பாவ பேர் சொல்லிட்டான்." ஆவணம் கிடையாது, சாட்சி இரண்டு பக்கமும் பொய். தீர்ப்பு உடனே வேண்டும். "நீ அவனப் பாத்து ரெண்டு தடவ சிரிச்சிடு, சரியாப் போச்சு" என்றால் இரண்டு தரப்பும் முழுத் திருப்தியோடு போய்விடும். பெரியவர்களின் வழக்கைப் பார்த்துவிட்டு இதை நினைத்தால் ஏக்கம் வரத்தான் செய்யும்.

அப்புறம் வரும்படி. கொடுக்காப்புளி, புளியம்பிஞ்சு, அரைக் கடி கடித்த கொய்யா, தண்டோடு ஒரு ஆம்பல். எல்லாம் வேர்த்த கையில் பொத்திக்கொண்டு வந்தவை. வாங்கிய இடத்திலேயே வாயில் போட்டாக வேண்டும். பைக்குள் வைத்தால் "டீச்சர் திங்கல" என்று மாலை வரை வருத்தம்.

சம்பா நடவு தொடங்கினால் வகுப்பில் தலை குறையும், அதே சமயம் கூடும். அம்மா நடவுக்குப் போவதால் மூன்றாம் வகுப்புப் பெண் இடுப்பில் தம்பியைச் சுமந்துகொண்டு வருவாள். வராமலே இருப்பதற்கு இது மேல் என்று நானும் பேசாமல் இருந்துவிடுவேன். அந்தத் தம்பிகள் என் ஒன்றாம் வகுப்புப் பாயில் தூங்கி எழுந்தவர்கள். முறையாகச் சேர்க்கைக்கு வருகிறபோது ட, ப, ம அவர்களுக்குப் பாதி தெரிந்திருக்கும். மதியம் சோறு உண்டு. 1982-லிருந்து அந்தக் கவலை இல்லை. காலையில்தான் இல்லை. அம்மா நாலு மணிக்கே வயலுக்குப் போய்விட்ட வீட்டுப் பிள்ளை, காலை வழிபாட்டில் வெயிலில் நின்றபடியே கண் சொருகிச் சரியும். தண்ணீர் தெளித்து, பிஸ்கட் கொடுத்து, நிழலில் படுக்கவைத்துவிட்டுத்தான் வகுப்பைத் தொடங்குவேன்.

செயல்வழிக் கற்றல் 2007 வாக்கில் எங்கள் பக்கம் வந்தபோது மூத்தவர்களில் பலர் முணுமுணுத்தார்கள். அட்டைகள், ஏணிப்படி, தலைக்கு மேலே பிள்ளைகள் வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல், பிள்ளையின் உயரத்துக்குச் சுவரைச் சுற்றிக் கரும்பலகை. அட்டை தொலைந்தால் யார் பொறுப்பு என்பதே கூட்டங்களில் பெரிய விவாதம். அந்த முறையில் குறை இருந்தது. ஏணியில் மேலே போனவனுக்குக் கீழ்ப்படி மறந்துபோகும். ஆனால் அது எனக்குச் செய்த நல்லது ஒன்று உண்டு, நாற்காலியைப் பிடுங்கிப் பாயில் உட்காரவைத்தது. அதுவரை என் காதுக்கு எட்டாத பேச்செல்லாம் எட்டியது. பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பதை அங்கே கேட்டேன். "ம-ன்னா ப வயித்துக்குள்ள கைய வுட்டுக்கிச்சு, அவ்ளோதான்" என்று ஒருத்தி இன்னொருத்திக்கு விளக்கினாள். பயிற்சிப் பள்ளியில் எனக்கு இப்படிச் சொல்லித்தரவில்லை.

பிறகு பதவி உயர்வு. பி.எட். முடித்திருந்தேன், பட்டியலில் பெயர் வந்தது, நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் ஆனேன். சம்பளம் கொஞ்சம் ஏறியது. வீட்டுக் கடன் இருந்தது. இதில் சொல்ல வேறொன்றும் இல்லை. தனி அறை, மின்விசிறி, மேசை நிறையப் பதிவேடு. அப்புறம் எமிஸ் என்கிற இணையப் பதிவேடு. வருகை, சீருடை, செருப்பு அளவு, கழிவறை எண்ணிக்கை என்று எல்லாவற்றையும் அதில் ஏற்ற வேண்டும். மாலையில் ஏற்றினால் சர்வர் தூங்கும். அறைக்கு நேர் எதிரே தாழ்வாரத்தைத் தாண்டி ஒன்றாம் வகுப்பு. அங்கிருந்து எழுத்துக் கூட்டுகிற சத்தம் வரும். கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் ஓரிடத்தில் நின்று ஒரு கூவல் கேட்டால் எனக்குத் தெரிந்துவிடும், எவனுக்கோ பட்டம் பறந்துவிட்டது என்று. போய்ப் பார்ப்பதற்குள் அது முடிந்திருக்கும். ஏக்கம் எனக்கு ஓய்வுக்குப் பிறகு வந்தது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அது அந்த மேசைக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

2020 மார்ச்சில் பள்ளி மூடியபோது ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள், 2021 நவம்பர் 1-ஆம் தேதி திரும்பி வந்தபோது மூன்றாம் வகுப்பு. உயரம் கூடியிருந்தது, எழுத்து போயிருந்தது. ஆள் பற்றாத அந்தச் சமயத்தில் நானே சாக்பீஸை எடுத்துக்கொண்டு போய்ப் பாயில் உட்கார்ந்தேன். எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு ட, ப, ம. முதலில் கூச்சப்பட்டார்கள். ஆனால் அந்த நொடி அவர்களுக்கும் வந்தது, அதே திடுக்கிடலோடு. வயது கொஞ்சம் ஏறியதால் கத்தவில்லை. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்கள்.

58-ல் ஓய்வு என்று இருந்ததை 2020-ல் 59 ஆக்கினார்கள், 2021-ல் 60 ஆக்கினார்கள். இளைஞர்களுக்கு வேலை போகிறதே என்று பேசிக்கொண்டார்கள், நியாயம்தான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அதுவும் முடிந்து, கல்வியாண்டு முடியும்வரை கொடுக்கிற மறுநியமனமும் முடிந்து, 2023 மே 31-ஆம் தேதி சாவியை ஒப்படைத்தேன். அந்த ஆகஸ்ட் 25-ஆம் தேதி, எங்களுக்கு அதிக தூரமில்லாத திருக்குவளையில், காலை உணவுத் திட்டத்தை எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கித் தொடங்கி வைத்தார்கள். டிவியில் பார்த்தேன். இத்தனை வருஷம் பிஸ்கட் பாக்கெட்டோடு அலைந்தவளுக்கு, வயிறு நிறைந்த ஒன்றாம் வகுப்பை ஒரு நாள்கூடப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. காலையில் கிச்சடி சாப்பிட்ட பிள்ளை எத்தனை நாளில் பட்டம் படிக்கும்? முன்னைவிடச் சீக்கிரமாகத்தான் இருக்கும்.

இதைப் படிப்பவர்களில் புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியர்கள் இருந்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. பதவி உயர்வு வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டுக் கடன் எல்லாருக்கும் இருக்கிறது. அதற்கு முன்னால், யாரும் உங்கள் தலையில் கட்டுகிறவரை காத்திருக்காமல், ஒன்றாம் வகுப்பை நீங்களே கேட்டு வாங்குங்கள். ஜூன் முதல் நாளே தலைமை ஆசிரியரிடம் போய்க் கேளுங்கள். போட்டிக்கு யாரும் வரமாட்டார்கள்.